அறிந்தவன் மீதுள்ள கடன்

2012ஆம் ஆண்டு எங்கள் பாடசாலையில் நடந்த ஒரு சிரமதானத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. மிகச் சிறிய விடயம். அதில் பங்குபற்றிய எவருக்கும் அது ஞாபகத்தில் வைத்திருக்கத்தக்க நாளாக இருந்திராது. எனக்கும் சில வருடங்கள் அப்படித்தான் இருந்தது.

பழைய மண்டபத்தின் கூரை பல இடங்களில் வெடித்து ஒழுகிக்கொண்டிருந்தது. புதிய தகடுகள் வந்திறங்கின. பழையவற்றைக் கழற்றிய மேசன்மார் அவற்றை முற்றத்தில் அடுக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவற்றை அப்புறப்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. எந்த வேலைக்கும் முன்னால் போய் நிற்கும் வயது. தரம் 9 பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டேன். முழுத் தகடுகள் உழவு இயந்திரப் பெட்டிக்குள் கொள்ளவில்லை. சுத்தியலை எடுத்து நானே உடைக்கத் தொடங்கினேன். கை வலித்தபோது சுத்தியலைப் பையன்களிடம் கொடுத்தேன். உடைப்பதென்றால் பையன்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஒருவன் பறித்து ஒருவன் என்று முறை வைத்து உடைத்தார்கள். ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. எல்லோருடைய தலையிலும் புருவத்திலும் வெள்ளைப் பொடி படிந்திருந்தது.

"சேருக்குத் தல நரச்சிட்டு டோய்!" என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தோம். அவனுடைய தலையும் நரைத்துத்தான் இருந்தது. பதினான்கு வயது நரை.

மிஞ்சிய துண்டுகளைச் சிலர் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டுச் சாமான். சீமெந்து நிலத்தில் கட்டம் கீறலாம். குப்பைக்கு மூட்டிய நெருப்பில் போட்டால் பட்டாசுபோல் வெடிக்கும். நானும் சிறு வயதில் அப்படி வெடிக்க விட்டவன்தான். அதனால் தடுக்கவில்லை.

அந்தத் தகடு அஸ்பெஸ்டஸ் என்பது எனக்குத் தெரியும். ஊரில் அதை 'சீட்' என்று மட்டும் சொல்வார்கள். அஸ்பெஸ்டஸ் என்றால் என்ன என்பதுதான் தெரியாது.

*

தெரிய வந்தது 2017 டிசம்பரில். அதற்குக் காரணமாயிருந்தது ஒரு வண்டு.

2018 ஜனவரி 1 முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைத் தடைசெய்வதென அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் அரசாங்கம் தீர்மானித்திருந்தது. இலங்கைக்கு வரும் அஸ்பெஸ்டஸின் பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து வந்தது. அந்தத் திகதிக்கு இரண்டு வாரங்கள் இருக்கும்போது, எங்கள் தேயிலைப் பொதி ஒன்றில் கப்ரா வண்டு என்ற தானியப் பூச்சி காணப்பட்டதாகச் சொல்லி, ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. ரஷ்யா எங்கள் தேயிலையைப் பெருமளவில் வாங்கும் நாடு. கொழும்பு பதறியது. அஸ்பெஸ்டஸ் தடை ஒத்திவைக்கப்பட்டது. மாதம் முடிவதற்குள் தேயிலைக்கான தடையும் நீங்கியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்று பத்திரிகைகள் எழுதின. வாசித்த எனக்கு அந்த வாதத்தைவிட வேறொரு கேள்விதான் முன்னால் வந்தது. தடைசெய்ய வேண்டிய அளவுக்கு இந்தச் சீட்டில் என்ன இருக்கிறது?

அதன்பிறகு தேடி வாசித்தேன். ஓர் ஆசிரியன் தேடி வாசிப்பது அபூர்வமான காரியமல்ல. ஆனால் எதைத் தேடுகிறோமோ அது தன்னைப் பற்றியதாகவே திரும்பி வந்து நிற்கும்போது வாசிப்பது வேறொரு அனுபவம்.

அஸ்பெஸ்டஸ் ஒரு தாவர நாரல்ல, செய்பொருளுமல்ல. பூமியிலிருந்து தோண்டியெடுக்கும் கல். கல்நார் என்பது தமிழில் அதற்கு வழங்கும் பெயர், பொருத்தமான பெயர். கல்லாயிருந்தும் பஞ்சுபோல் பிரியும், நூலாகத் திரியும், துணியாக நெய்யலாம், நெருப்பில் எரியாது. கிரேக்க மொழியில் அஸ்பெஸ்டஸ் என்றால் அணையாதது, அழியாதது என்று பொருள். ஆறு வகைக் கனிமங்களுக்கு இந்தப் பெயர் பொது. நீலம், கபிலம், வெள்ளை என்பவை பெருமளவில் வியாபாரத்துக்கு வந்தவை. நீல அஸ்பெஸ்டஸை இலங்கை 1987இலேயே தடைசெய்துவிட்டது. எங்கள் கூரைகளில் இருப்பது கிரைசொடைல் எனப்படும் வெள்ளை. கூரைத் தகட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அது, மிகுதி சீமெந்து.

அழியாமல் இருப்பதே அதன் சிறப்பு. அதுவே அதன் தீமையும். தகட்டை அறுக்கும்போதும் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலக்கின்றன. தலைமயிரைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெல்லியவை. மூச்சோடு போய் நுரையீரலின் ஆழத்தில் தங்குகின்றன. உடம்பின் காவற்கலங்கள் அவற்றை விழுங்கிச் செரிக்கப் பார்க்கின்றன. நீண்ட நார்களைச் செரிக்க முடியாமல் அந்தக் கலங்களே சாகின்றன. ஆண்டுக்கணக்காக அந்த இடம் புண்ணாகி, ஆறி, தழும்பேறுகிறது. அதிகமாகச் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் இறுகிப்போகும் அஸ்பெஸ்டோசிஸ் வரும். நுரையீரற் புற்றுநோய் வரலாம். நுரையீரலையோ வயிற்றையோ சுற்றியிருக்கும் மெல்லிய உறையில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வரலாம். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. வேலைத்தலங்களில் அதைச் சுவாசித்ததால் மாத்திரம் வருடந்தோறும் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உலகில் இறக்கின்றனர் என்று அந்த நிறுவனம் கணக்கிடுகிறது.

என்னை நிறுத்தி வைத்தது இவற்றில் எதுவுமல்ல. ஒரு கால அளவு. நார் உள்ளே போவதற்கும் நோய் வெளியே வருவதற்கும் இடையில் சாதாரணமாக 20 முதல் 40 வருடங்கள் கழியும். சிலருக்கு அதைவிடவும் கூடும்.

பழைய பதிவேட்டை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். 2012இல் பதினான்கு வயது. 2032இல் முப்பத்து நான்கு. 2052இல் ஐம்பத்து நான்கு. அப்போது நான் இருக்கப்போவதில்லை, அல்லது மிக வயோதிபனாக இருப்பேன்.

*

இங்கே நான் மிகைப்படுத்தக்கூடாது. அஸ்பெஸ்டஸ் தரும் ஆபத்து, சுவாசித்த அளவையும் காலத்தையும் பொறுத்துக் கூடுவது. வருடக்கணக்காகச் சுரங்கத்திலும் ஆலையிலும் கப்பற்துறையிலும் நின்றவர்களே பெருமளவில் இறந்தார்கள். ஒரு மணித்தியாலம் தகடு உடைத்த பையனுக்கு நோய் வரும் என்று எந்த வைத்தியரும் சொல்லமாட்டார். வராது என்று உறுதி கூறவும் மாட்டார். இதற்குக் கீழே முற்றிலும் பாதுகாப்பு என்று சொல்லக்கூடிய ஓர் அளவு கண்டறியப்படவில்லை. ஆக, அன்று நான் அந்தப் பையன்களுக்குக் கொடுத்தது நோயல்ல. நோய்க்கான மிகச் சிறிய ஒரு வாய்ப்பு.

கேள்வி இதுதான். பிறருடைய பிள்ளையின் மீது, அவனையும் கேளாமல் அவனது பெற்றோரையும் கேளாமல், மிகச் சிறியதொரு ஆபத்தை நான் அறியாமல் வைத்துவிட்டேன். அதற்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும்? அறியாமையே பதிலாகிவிடுமா?

எங்கள் பிக்ஹு மரபில் ஒரு நுட்பமான பிரிப்பு உண்டு. அறியாமல் பிறர் பொருளைச் சேதப்படுத்தியவன் பாவியாக மாட்டான். ஆனால் நட்டத்தை ஈடுசெய்யும் பொறுப்பு அவனை விட்டு நீங்காது. குற்றம் வேறு, கடன் வேறு. நான் நீண்ட நாட்கள் குழம்பியது இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டதால்தான். குற்றமில்லை என்று மனதுக்குச் சொல்வேன், மனம் ஆறாது. பின்னர்தான் விளங்கியது, மனம் குற்றத்தைப் பற்றிக் கேட்கவில்லை, கடனைப் பற்றிக் கேட்கிறது.

அறியாமையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் உலகத்துக்குத் தெரியாத விடயமல்ல அது. இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் நெல்லி கெர்ஷோ என்ற பெண் பன்னிரண்டு வயதளவில் அஸ்பெஸ்டஸ் ஆலை வேலைக்குப் போனவர். நுரையீரல் கெட்டு, 33 வயதில், 1924இல் இறந்தார். நோயாய்க் கிடந்தபோது உதவி கேட்டார். டேர்னர் பிரதர்ஸ் கம்பனி தன் வேலையால் வந்த நோயென்று ஏற்கவில்லை. அவரது நுரையீரலை ஆராய்ந்த வைத்தியர் வில்லியம் குக் அதே ஆண்டில் மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். 1931இல் பிரித்தானியா ஆலைத் தூசுக்கு முதல் சட்டங்களைக் கொண்டுவந்தது. 1935இல் அமெரிக்காவின் இரு பெரிய அஸ்பெஸ்டஸ் கம்பனிகளின் தலைமைப் பொறுப்பிலிருந்தவர்கள் தமக்குள் கடிதம் எழுதிக்கொண்டார்கள்: இதைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசப்படுகிறதோ அவ்வளவுக்கு நமக்கு நல்லது என்ற கருத்தில். அந்தக் கடிதங்கள் வெளியே வர நாற்பது வருடங்கள் சென்றன. நோய் வெளிவர எடுக்கும் காலமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

1960இல் தென்னாபிரிக்காவின் கேப் மாகாணத்து நீல அஸ்பெஸ்டஸ் சுரங்கப் பகுதியிலிருந்து வைத்தியர் வக்னரும் அவரது தோழர்களும் 33 மீசோதீலியோமா நோயாளர்களைப் பற்றி எழுதினார்கள். அவர்களுட் சிலர் சுரங்கத்தில் ஒருநாளும் வேலை செய்யாதவர்கள். அந்தச் சூழலில் பிறந்து வளர்ந்தவர்கள். சிறுவயதில் சுரங்கக் குவியல்களில் விளையாடியவர்கள். இதை வாசித்தபோது காற்சட்டைப் பைக்குள் துண்டுகளைப் போட்டுக்கொண்டு ஓடிய பிள்ளைகள் கண்ணில் வந்தார்கள்.

சந்தையில் ஒரு வியாபாரியின் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்ததும், மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததும், நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று கண்டித்ததும் எங்கள் மத்ரஸாப் பிள்ளைகளும் அறிந்த சம்பவம். மழையில் நனைந்தது அந்த வியாபாரியின் குற்றமல்ல. அறிந்துகொண்டு அதை அடியில் வைத்ததே குற்றம். அஸ்பெஸ்டஸின் வரலாறு முழுவதும் ஈரத் தானியத்தின் வரலாறுதான். என்னுடைய அறியாமை வானத்திலிருந்து விழுந்ததல்ல. யாரோ அறிந்து மறைத்ததன் மறுபக்கம் அது. ஆனால் ஒன்று. குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த கணத்திலிருந்து நானும் அறிந்தவனாகிவிட்டேன். இனி நான் மூடி வைத்தால் அந்த வியாபாரிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

*

அப்படியானால் சொல்லிவிடுவதுதானே என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதலில் சொன்னது எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு ராத்தாவிடம். சுனாமிக்குப் பின் ஓர் உதவி நிறுவனம் கட்டிக் கொடுத்த இரண்டு அறை வீடு, மேலே சீட். தென்னம் மட்டை விழுந்து மூலையில் உடைந்திருந்தது. மகன் ஏறித் தட்டிக்கொண்டிருந்தான். நான் போய், வாசித்த அனைத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நுரையீரல், புற்றுநோய், நாற்பது வருடம், எல்லாம்.

ராத்தா கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு சொன்னா: "நீங்க சொல்றத்தக் கேட்டாப் பயமா இரிக்கி மாஸ்டர். இதக் கழட்டினா மழைய எதக் கொண்டு மறைக்கிற? பயத்தக் கொண்டு மறைக்க ஏலுமா?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்தேன். அன்றிரவு மழை பெய்தது. என்னுடைய கூரையும் சீட்தான்.

எங்கள் கரையோரத்தில் கூரையின் கதை வறுமையின் கதை. என் உம்மம்மாவின் வீடு கிடுகு. வருடத்துக்கொரு தடவை வேய வேண்டும். இல்லையேல் மாரியில் சட்டி பானைகளை ஒழுக்குக்கு வைக்க வேண்டும். ஒரு பொறி விழுந்தால் ஒழுங்கையே போய்விடும். யுத்தகாலத்தில் அந்தப் பயம் இரட்டிப்பு. தகரம் வந்தது, பகலில் அடுப்பு, மழையில் பறை. ஓடு நல்லது, ஆனால் பாரம் கூடியது, அதற்குரிய மரமும் கூலியும் சேரச் செலவு கூடியது. இந்த நிலைமையில்தான் சீட் வந்தது. எரியாது, உப்புக் காற்றில் துருப்பிடிக்காது, மலிவு, ஒரு நாளில் போட்டுவிடலாம். சீட் வீடு என்பது எங்கள் ஊரில் ஓர் அந்தஸ்து. குமரைக் கரைசேர்க்க வீடு கட்டிக் கொடுக்கும் வாப்பாமார் எத்தனையோ பேரின் மானத்தை அது காத்திருக்கிறது. அவர்களைப் பார்த்து, நீங்கள் நஞ்சைத் தலைக்குமேல் போட்டிருக்கிறீர்கள் என்று சொல்வது எவ்வகையான நீதி?

ராத்தாவின் கேள்வி எனக்கு ஒன்றைக் காட்டியது. நான் அவவிடம் போனது அவவுக்காக அல்ல. என்னுடைய பாரத்தை இறக்கி வைக்க ஓரிடம் தேடியே போயிருக்கிறேன். ஒன்றும் செய்ய முடியாதவரிடம் ஆபத்தை மட்டும் சொல்லிவிட்டு வருவது சொல்வதாகாது. அவரது தலையில் ஏற்றிவிட்டு வருவதாகும். சொன்னவனுக்கு நித்திரை வரும். கேட்டவருக்கு வராது.

ஆயினும் சொல்லாமல் விடுவதும் சரியல்ல. மீண்டும் வாசித்தபோது, முதல் வாசிப்பில் பயத்தினால் கவனியாமல் விட்ட ஒன்றைக் கண்டேன். உடையாமல், உக்காமல், யாரும் தொடாமல் கூரையில் கிடக்கும் தகடு கொடுக்கும் ஆபத்து மிகக் குறைவு. அறுப்பதிலும் துளைப்பதிலும் உடைப்பதிலும் உலர்ந்தபடி தேய்த்துக் கழுவுவதிலுமே ஆபத்து பெரிது. அப்படியானால் ராத்தாவிடம் சொல்ல வேண்டியிருந்தது புற்றுநோயைப் பற்றியல்ல. "கூரையைக் கழற்ற வேண்டாம். மகன் அதைத் தட்ட வேண்டாம். உடைந்ததை எடுக்கும்போது முதலில் தண்ணீர் ஊற்றி நனைத்து, உடைக்காமல் எடுத்து, பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி வையுங்கள். நிலத்தில் விழுந்த பொடியைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் அதோடு போடுங்கள். துண்டுகளைப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம், நெருப்பில் போட வேண்டாம், பாதையில் பள்ளத்துக்குக் கொட்ட வேண்டாம்." இவ்வளவுதான். இதற்கு ஒரு ரூபாவும் செலவில்லை.

மறுநாள் போய் இதைச் சொன்னேன். "இத நேத்தே செல்லியிரிக்கலாமே மாஸ்டர்" என்றா.

அறிந்ததைச் சொல்வது கடன். ஆனால் கேட்பவரின் கை எவ்வளவு நீளுமோ அந்த அளவுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு மேலுள்ளதைச் சொல்ல வேண்டிய இடம் வேறு. அது ராத்தாவின் முற்றமல்ல.

*

அந்த வேறு இடம் எது என்பதற்கு மறுபடியும் 2017 டிசம்பருக்குத்தான் போக வேண்டும்.

அரசாங்கம் பணிந்துவிட்டது என்று எழுதுவது இலகு. எனக்கு அது ராத்தாவின் நிலைமையாகவே தெரிகிறது. மழையை எதைக் கொண்டு மறைப்பது என்ற அதே கேள்வி. தேயிலை நின்றால் அன்றைக்கே அடுப்பு அணைவது மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் வீட்டில். அவளும் ஏழை, சீட் அறுக்கும் மேசனும் ஏழை. ஓர் ஏழையின் இன்றைய சோற்றையும் இன்னோர் ஏழையின் நாற்பது வருடத்துக்குப் பிந்திய மூச்சையும் தராசில் வைத்தார்கள். இன்றைய சோறு வென்றது. இன்றைய நட்டத்துக்குப் பெயர் இருக்கிறது, முகம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, அமைச்சு இருக்கிறது. 2050இல் மூச்சுத் திணறப் போகிறவனுக்கு இன்று எதுவுமில்லை. தான்தான் அந்த ஆள் என்பது அவனுக்கே தெரியாது.

எங்கள் ஊரவருக்கு இதை விளக்க ஓர் உதாரணம் போதும். ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அது கட்டப்பட்ட பின்னர் வடக்குப் பக்கக் கரையைக் கடல் தின்னத் தொடங்கியது. தென்னைகள் வேரோடு சாய்வதைப் பார்த்தோம். நிலம் போனவர் யார், தோணி இழுக்க இடமில்லாமல் போனவர் யார் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் கூடினோம், மகஜர் கொடுத்தோம், பத்திரிகையில் படம் வந்தது. முழுத் தீர்வு வந்ததா என்பது வேறு விடயம், குரலாவது இருந்தது. நுரையீரலை நார் தின்பதற்கு யார் படம் பிடிப்பது? 2004 சுனாமி நடந்த கிழமைகளில் சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் இடிபாடு அகற்றப் போன வாலிபர்களில் நானும் ஒருவன். மூக்கில் லேஞ்சி கட்டியிருந்தோம். நாற்றத்துக்காகக் கட்டினோம், தூசுக்காகவல்ல. அந்த இடிபாடுகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருப்பதை ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் அமைப்பு 2005இல் சுட்டிக்காட்டியிருந்தது. எங்களில் எவருக்கும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

மேற்கு நாடுகளின் நேர்மையையும் இங்கே பார்க்கத்தான் வேண்டும். பிரித்தானியா 1999இல் முழுமையாகத் தடைசெய்தது, ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் 2005இல் தடை வந்தது, கனடாவில் 2018இல், அமெரிக்கா கிரைசொடைலைத் தடைசெய்ய 2024 ஆயிற்று. கனடா தன்னுடைய பாராளுமன்றக் கட்டடங்களிலிருந்து அஸ்பெஸ்டஸைக் கவனமாகக் கழற்றிக்கொண்டிருந்த அதே காலத்தில், 2011 வரைக்கும், அதைத் தோண்டி ஆசியாவுக்கு விற்றது. அங்கே அஸ்பெஸ்டஸ் என்றே பெயர்கொண்ட ஒரு சுரங்க நகரம் இருந்தது. 2020இல் வாக்கெடுத்துத் தன் பெயரை மாற்றிக்கொண்டது. பெயரை மாற்ற அவர்களால் முடிந்தது. எங்கள் கூரையை மாற்ற யார் உதவுவது? தனக்கு ஆகாதென்று கண்டதைப் பக்கத்து வீட்டுக்கு விற்பதும் ஈரத் தானியம்தான்.

ஆகவே தடை வேண்டும் என்றே நான் சொல்வேன். அதோடு, தடையின் செலவை ராத்தாவின் தலையிலோ கொழுந்து பறிப்பவளின் தலையிலோ போடாத ஓர் ஏற்பாடும் வேண்டும். அஸ்பெஸ்டஸ் கலவாத நார்ச் சீமெந்துத் தகடுகள் சந்தைக்கு வந்திருக்கின்றன; விலைதான் தடை. அந்த விலை வித்தியாசத்தை யார் ஏற்பது என்பதுதான் நாடு பேச வேண்டிய ஒழுக்கப் பிரச்சினை. பாடசாலைக் கூரைகளிலிருந்தாவது தொடங்கலாம்.

*

இனி அந்தப் பையன்கள்.

சிலர் கட்டாரில், ஒருவன் சவூதியில், ஒருவன் எங்கள் பல்கலைக்கழகத்திலேயே படித்து முடித்தவன். சேருக்குத் தல நரச்சிட்டு என்று கத்தியவனைத்தான் தேடிப் போனேன். அவன் இப்போது கூரை வேலைக்குப் பேர்போன பாஸ். நான் போனபோது ஒரு வீட்டு முற்றத்தில் மின்சார அரிவட்டினால் சீட் அறுத்துக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றிப் புகைமாதிரி வெள்ளை. 2012இன் ஒரு மணித்தியாலத்துக்காகப் பேசப் போனவன் அந்தப் புகையைக் கண்டதும் நின்றுவிட்டேன். அன்று நான் கொடுத்தது கடுகு. இவன் தினமும் சுவாசிப்பது மூடை.

ஓரமாக உட்கார்ந்து பேசினோம். இம்முறை அவசரப்படவில்லை. அன்று நடந்ததைச் சொன்னேன். எனக்குத் தெரியாமல் செய்தேன், பொறுத்துக்கொள் என்றேன். அவன் சிரித்தான். "அதுக்கா சேர் வந்தீங்க?" என்றான். பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப, நான் இவ்வளவு வருசம் அறுத்தது?" என்று கேட்டான்.

பொறுத்துக்கொள்ளுங்கள் என்பது எங்களுக்குள் எவ்வளவு இலகுவாக வழங்கும் வார்த்தை! ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடுவீடாக வந்து கேட்பார். நாமும் பொறுத்தோம் என்போம். ஆனால் இன்னும் நடக்காத ஒன்றை, நடக்குமா என்றே தெரியாத ஒன்றை ஒருவன் எப்படிப் பொறுப்பது? தொகை எழுதாத கடன் சீட்டில் ஒப்பமிடச் சொல்வது போன்றது அது. அவன் பொறுத்தேன் என்று சொல்லவில்லை. சொல்லாதது சரியென்றே எனக்குப் பட்டது. தொகை தெரியாத கடனை ஒரே தரத்தில் தீர்க்க முடியாது. தவணையாகக் கொடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

முதல் தவணையாக இரண்டு விடயங்களைச் சொன்னேன். தண்ணீர் ஊற்றி நனைத்து, கைவாளால் அறுத்தால் தூசு மிகக் குறையும். மூக்கில் கட்டும் துணி இந்த நாரைத் தடுக்காது, அதற்கென்றுள்ள முகக்கவசமே வேண்டும். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கக்கூடாது. இது ஒன்று. மற்றது அவனது சட்டைப் பையில் இருந்த சிகரட் பெட்டி. அஸ்பெஸ்டஸும் புகையும் சேர்ந்தால் நுரையீரற் புற்றுநோய்க்கான ஆபத்து கூட்டலாக அல்ல, ஏறக்குறையப் பெருக்கலாக ஏறுகிறது என்பதை அமெரிக்க வைத்தியர் செலிகொஃப்பும் அவரது தோழர்களும் 1968இல் காட்டினார்கள். போன தூசை வெளியே எடுக்க முடியாது. சிகரட்டை விட முடியும். கடந்த காலத்தின் மீது நமக்கு மிஞ்சியிருக்கும் ஒரே அதிகாரம் அது.

"நனைச்சி அறுத்தா வேல சுணங்கும் சேர். நாட்கூலிக்குக் கட்டாது" என்றான். அதுவும் உண்மை. அரைவாசி வேலைக்கு முழுக்கூலி கொடுக்க வீட்டுக்காரர் உடன்பட வேண்டும். அதனால் ஊரில் கூரை போடும் வீட்டுக்காரரிடமும் போய்ப் பேசுகிறேன். சிலர் கேட்கிறார்கள். சிலர், மாஸ்டருக்கு வேறு வேலையில்லை என்கிறார்கள்.

சில மாதங்களின் பின் ஒரு நாள் பள்ளியடி ஒழுங்கையால் வந்தபோது அவனைக் கண்டேன். கைவாளால் அறுத்துக்கொண்டிருந்தான். கையாள் பையன் ஒருவன் போத்தலால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் தலையசைத்தான். சிகரட்டை விட்டுவிட்டானா என்று கேட்கவில்லை. காதில் ஒன்று செருகியிருந்தது.

எங்கள் மண்டபத்துக்கு அன்று போட்ட புதிய தகடுகளும் இப்போது பழசாகிவிட்டன. பந்து பட்டு விளிம்பில் ஒன்று உடைந்தது. துண்டுகளை நனைத்துப் பொலித்தீனில் சுற்றிக் களஞ்சிய அறையின் பின்னால் வைத்திருக்கிறேன். இதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பதென்று சில இடங்களில் கேட்டேன். குப்பையோடு போடுங்கள் என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. அதனால் பொதி அங்கேயே இருக்கிறது. தரம் 9 பிள்ளைகள் அதென்ன சேர் என்று கேட்கும்போது ஒரு பாடவேளை முழுவதும் சொல்கிறேன். அவர்கள் தங்கள் வீடுகளில் போய்ச் சொல்கிறார்கள்.